ஆம்பூரில் ‘கம்பெனி’, டென்மார்க்கில் ‘செல்ஸ்கேப்’: துணையும் குணமும் மொழி மாறினால் என்ன ஆகும்?

காலையில் ஆம்பூர் பஸ் நிறுத்தங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கம்பெனி’. “கம்பெனி வண்டி வந்துடுச்சா?” என்று கேட்டால், ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையின் வண்டி என்று எல்லோருக்கும் புரியும். மாலையில் வேலை முடிந்து வந்தபிறகு, அதே பெண் பக்கத்து வீட்டுத் தோழியிடம், “மார்க்கெட் வரைக்கும் போகணும், கொஞ்சம் கம்பெனி குடு” என்கிறார். காலையில் சம்பளம் கொடுத்த கம்பெனி, மாலையில் துணையாகிவிட்டது.

நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களையும் டேனிஷ் மொழிக்குக் கொண்டுபோகச் சொன்னால்? ‘நல்ல கேரக்டர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அங்கே எப்படிச் சொல்வது? ஆங்கிலத்திலிருந்து நம் வாயில் ஒட்டிக்கொண்ட இந்தச் சொற்கள், இன்னொரு ஐரோப்பிய மொழிக்குப் போகும்போது எங்கே சறுக்குகின்றன? பார்க்கலாம்.

டேனிஷுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட அதிகம். டேனிஷ் கிழக்கிந்திய கம்பெனி 1616-ல் தொடங்கப்பட்டது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயர்களுக்கு விற்கும்வரை அந்த ஊர் டேனிஷ்காரர்களிடம்தான் இருந்தது. டென்மார்க் மன்னர் அனுப்பி 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டது தெரிந்த கதை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலூர் வட்டாரத்துக்கும் டேனிஷ் மிஷனரிகள் வந்தார்கள். 1889-ல் இந்தியா வந்த எல்.பி.லார்சன் என்ற டேனிஷ்காரர், பின்னாளில் தமிழ் விவிலியத்தைத் திருத்தும் பணிக்கே தலைமை தாங்கினார்.

இன்று திசை மாறிவிட்டது. 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் டென்மார்க்கின் பல ஊர்களில் வேரூன்றிவிட்டார்கள். ஹெர்னிங், பிராண்டே போன்ற ஊர்களில் தமிழர் கோயில்களே உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு டேனிஷ் அன்றாடத் தேவை.

‘கம்பெனி’ என்ற சொல்லில் ரொட்டி எங்கே வந்தது?

‘கம்பானியன்’, ‘கம்பெனி’ இரண்டுக்கும் வேர் லத்தீன். ‘கூட’ என்ற பொருள் தரும் சொல்லும், ‘ரொட்டி’ என்ற பொருள் தரும் சொல்லும் சேர்ந்தது. ஒன்றாக உட்கார்ந்து ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவர் யாரோ, அவர்தான் ‘கம்பானியன்’. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, “உன் குழம்பு குடு, என் பொரியல் எடுத்துக்கோ” என்று சாப்பிடும் ஷூ கம்பெனிப் பெண்களுக்கு இந்த வேர்ச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேர்ந்து சாப்பிட்டவர்கள் சேர்ந்து தொழில் செய்தபோது அது வணிகக் ‘கம்பெனி’ ஆனது. அந்தப் பொருளில்தான் அது முதலில் தமிழுக்குள் ‘கும்பினி’ என்று நுழைந்தது. கும்பினியார் போய்விட்டார்கள், கம்பெனி தங்கிவிட்டது.

டேனிஷில் ‘கம்பெனி’ எது?

டேனிஷ் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே தருவது ஏறக்குறைய ஒலிக்கும் வடிவம்தான்.

டேனிஷிலும் ‘கொம்பனீ’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால், அதைக் கேட்டால் பழைய வணிகக் கும்பினியோ, ராணுவப் பிரிவோதான் நினைவுக்கு வரும். ‘கொம்பன்யோங்’ என்றால் தொழில் பங்குதாரர். இரண்டையும் ‘துணைக்கு வா’ என்ற பொருளில் சொல்ல முடியாது.

அதற்கு உரிய சொல் ‘செல்ஸ்கேப்’. ஒருவருக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதும் செல்ஸ்கேப்; விருந்துக்குக் கூடும் கூட்டமும் செல்ஸ்கேப்; பதிவு செய்யப்பட்ட நிறுவனமும் செல்ஸ்கேப். டேனிஷ் நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் வரும் ‘ஏ/எஸ்’ என்ற சுருக்கத்தில் உள்ள ‘எஸ்’ இந்தச் சொல்தான். அதாவது, ஆம்பூர் பெண் காலையில் சொன்ன கம்பெனியும் மாலையில் கேட்ட கம்பெனியும் டேனிஷிலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆம்பூரில் ஷூவை ‘ஜோடி’ கணக்கில்தான் எண்ணுவார்கள். கல்யாண வீட்டில் மணமக்களையும் ‘நல்ல ஜோடி’ என்போம். டேனிஷில் இரண்டுக்கும் ‘பார்’.

அப்படியானால் ‘நண்பர்’?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழிலேயே இது ஒரே சொல் கிடையாது. திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. தமிழும் உருதுவும் கலந்து புழங்கும் ஆம்பூரில் ‘தோஸ்து’ம் உண்டு, ‘மச்சான்’னும் உண்டு. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘கூட்டாளி’ என்றால், ‘ரவுடியின் கூட்டாளி கைது’ என்ற தலைப்புதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் ‘என்ர கூட்டாளி’ என்றால் ‘என் நண்பன்’, அவ்வளவுதான். கப்பல் ஏறுவதற்கு முன்பே தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது.

டேனிஷில் பிரிவு வேறு மாதிரி:

- வென்: நண்பர். நெருக்கமானவரைக் குறிக்கும்.
- வெனினெ: தோழி. பெரும்பாலும் ஒரு பெண் தன் தோழியைச் சொல்வது.
- கம்மராட்: கூட்டாளி, சகா. பள்ளித் தோழன், விளையாட்டுத் தோழன் என்று சேர்த்துச் சொல்ல உதவும். ‘தோழர்’ என்ற அரசியல் வாடையும் உண்டு.
- கேரெஸ்டெ: காதலன் அல்லது காதலி. ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல்.
- சாம்லேவர்: திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை.
- லெத்சேயர்: வெளியே போகும்போது உடன் வருபவர்.

ஆங்கில ‘கம்பானியன்’ இந்தப் பட்டியலில் பாதிப் பேரைக் குறிக்கும். எனவே அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்து டேனிஷில் கேட்டால், உடன் வந்த அக்கா சேர்ந்து வாழும் துணையாக மாறிவிடவும் வாய்ப்பிருக்கிறது.

வழித்துணைக்கு மூன்று மொழி

டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1835-ல் வெளியிட்ட கதை ஒன்றின் பெயர் ‘ரைசெகம்மராட்’. ‘ரைசெ’ என்றால் பயணம். ஆங்கிலத்தில் இதை இரண்டு சொல்லாக்கித்தான் சொல்ல முடிந்தது. தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை: வழித்துணை.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில் விரிஞ்சிபுரத்தில் இருக்கும் மார்க்கபந்தீஸ்வரருக்குத் தமிழில் ‘வழித்துணைநாதர்’ என்றே பெயர். பயணம் போகும் வணிகருக்குத் துணையாக இறைவனே வந்தார் என்பது தலக்கதை. உருதுவில் ‘ஹம்சஃபர்’ என்பார்கள். ‘ஹம்’ என்றால் உடன், ‘சஃபர்’ என்றால் பயணம். ஒரே நெடுஞ்சாலையில், ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள். மூன்றாவது சொல் டென்மார்க்கில் இருக்கிறது. ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போனால், சொல் இன்னும் பக்கத்தில் கிடைக்கிறது.

‘நல்ல கேரக்டர்’ என்று சொன்னால்?

டென்மார்க்கில் ஒரு மாணவரிடம் ‘கராக்டேர்’ பற்றிக் கேட்டால், பெரும்பாலும் அவர் மார்க்கைச் சொல்வார். காரணம், அங்கே பள்ளி, கல்லூரியில் போடும் மதிப்பெண்ணுக்குப் பெயர் ‘கராக்டேர்’. 2006-07-ல் அறிமுகமான ஏழு படி முறையில் மைனஸ் 3, 00, 02, 4, 7, 10, 12 என்று மதிப்பெண் போடுகிறார்கள். ‘என் பையன் கேரக்டர் ரொம்ப நல்லது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், ‘பையன் நல்ல மார்க் வாங்குகிறான்’ என்று போய்ச் சேரும்.

ஒருவரின் இயல்பைக் குறிக்கவும் ‘கராக்டேர்’ பயன்படுவது உண்டு. ஆனால், இடம் பார்த்துத்தான் வரும். நாம் ‘கேரக்டர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பதை டேனிஷ் பிரித்து வைத்திருக்கிறது:

- சினிமாவில் ‘நல்ல கேரக்டர்’ என்றால் ‘ரொல்லெ’, அதாவது வேடம்.
- “அவரு ஒரு மாதிரி கேரக்டர்ங்க” என்றால் ‘ஒரிகினேல்’. யாரைப் போலவும் இல்லாத ஆள்.
- எழுத்து என்ற பொருளில் ‘பொக்ஸ்டவ்’.
- பள்ளியில் தரும் நன்னடத்தைச் சான்றிதழை மாற்றும்போது ‘கராக்டேர்’ என்ற சொல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டால், மார்க் ஷீட் என்று நினைத்துவிடுவார்கள்.

மூலச் சொல்லைத் தேடினால் ஆம்பூருக்கே திரும்ப வேண்டும். ‘கேரக்டர்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள், ஒரு பொருளின்மேல் குத்திப் பதிக்கும் அச்சு, அது விட்டுச்செல்லும் தடம். டேனரியில் தோலை எம்போசிங் பிளேட்டில் வைத்து அழுத்தி டிசைன் பதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். அழுத்தி எடுத்த பிறகும் அழியாமல் இருப்பது எதுவோ, அதுதான் கேரக்டர்.

நம் ‘குணம்’ அப்படி வந்ததல்ல. அது இயல்பைச் சொல்கிறது. கூடவே, “காய்ச்சல் குணமாயிடுச்சு” என்று நோய் தீர்ந்ததையும் சொல்கிறது. ‘குணமானவர்’ என்று ஒருவரைச் சொன்னால் நல்ல இயல்பு உள்ளவரா, உடம்பு தேறியவரா என்பதை வாக்கியம்தான் முடிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நடுவில் வைத்தே வேலை செய்வதால், தமிழிலிருந்து டேனிஷுக்குப் போகும் வாக்கியம் வழியில் ஒரு முறை கூடுதலாகத் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

துணையும் குணமும் ஒன்றாகக் கலக்கும் ஒரு டேனிஷ் சொல்லும் இருக்கிறது: ‘வென்லி’. நண்பரைக் குறிக்கும் ‘வென்’னிலிருந்து வந்தது. பொருள், அன்பானவர், கனிவானவர். அந்த மொழியில் நல்ல குணம் என்பதே நண்பரைப் போல நடந்துகொள்வதுதான்.

இது ஏன் வெறும் சொல் விளையாட்டு இல்லை?

1980-களில் இருபது, முப்பது வயதில் டென்மார்க் போனவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டிய வயது. அங்கே ‘துணை’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்கு எதிரே குறைந்தது மூன்று சொற்கள் நிற்கின்றன.

முதலாவது, ‘போரோரனெ’: நோயாளியின் நெருங்கிய உறவினர். ஏதாவது ஆனால், ஆஸ்பத்திரி முதலில் போன் செய்வது இவருக்குத்தான். இரண்டாவது, ‘லெத்சேயர்’: உடன் வருபவர். ஓய்வூதிய வயதுக்கு முன், தனியாக வெளியே போக முடியாத அளவுக்கு மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கு, மாதம் 15 மணி நேரம் இப்படி ஒருவரை உடன் அனுப்ப அந்த நாட்டுச் சமூக சேவைச் சட்டத்தில் இடமிருக்கிறது. மூன்றாவது, ‘பெசோஸ்வென்’: ‘வந்து பார்க்கும் நண்பர்’. தனிமையில் இருக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, காபி குடித்து, பேசிவிட்டு வரும் தன்னார்வலர். டேனிஷ் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் இந்தச் சேவையை நடத்துகின்றன.

“எனக்குத் துணைக்கு ஆள் வேணும்” என்று ஒரு தமிழ் அம்மா சொன்னால், இந்த மூன்றில் எது? உறவினர் என்று எழுதினால் மகளுக்குப் போன் போகும். உடன் வருபவர் என்று எழுதினால் விண்ணப்பம் வேறு மேசைக்குப் போகும். அவர் கேட்டது, சாயங்காலம் நாலு வார்த்தை பேச ஒரு முகமாக இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் செலவு வந்தது. டென்மார்க்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வசித்தவர்கள், மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிலருக்கு விலக்கு உண்டு. கட்டணம் என்றதும், மகனோ மகளோ வேலைக்கு லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்காருவதே எளிய வழியாகிவிடுகிறது. டேனிஷில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு ‘துணை’ என்ற சொல்லின் எடை தெரிந்திருந்தால்தான், அம்மா கேட்டது சரியான கட்டத்தில் பதியும்.

அப்போ எப்படிச் சொல்வது?

சொல்லை மாற்றுவதற்கு முன், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான தவறுகளைத் தவிர்க்கலாம்.

1. யார்? உறவா, நட்பா, வேலைக்காக வருபவரா?
2. எதற்கு? வழிக்குத் துணையா, பேச்சுக்குத் துணையா, வாழ்க்கைக்குத் துணையா?
3. ‘கேரக்டர்’ என்றால் எது? இயல்பா, நடத்தையா, வேடமா, எழுத்தா?

பதில் கிடைத்ததும் அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்வது நல்லது. ‘துணை வேண்டும்’ என்பதைவிட, ‘வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து என்னோடு பேச ஒருவர் வேண்டும்’ என்றால், செயலியும் தடுமாறாது, எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலரும் தடுமாற மாட்டார். கேரக்டருக்கும் அதே வழிதான். ‘நல்ல கேரக்டர்’ என்று நிறுத்தாமல், ‘சொன்ன நேரத்துக்கு வருவார், பொய் சொல்ல மாட்டார்’ என்று சொன்னால் எந்த மொழியிலும் மார்க் ஷீட்டாக மாறாது.

ஆம்பூரில் இத்தனை விளக்கம் தேவைப்படாது. ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டி இருட்டில் ஊருக்குள் வரும்போது, ஒரு நிறுத்தத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் இறங்க வேண்டியிருக்கும். “இரு, நானும் இங்கயே இறங்கிக்கிறேன்” என்று பக்கத்து சீட்டில் இருப்பவரும் எழுந்திருப்பார். அது செல்ஸ்கேப்பா, லெத்சேயரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.