துரப்பணக் கருவிகளும் தேய்மானச் சோதனையும்

தேவதானப்பட்டித் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வந்து நின்றால், கூடியோர் அனைவரும் தண்ணீர் வருமா என்றே நோக்குவர். பாறையை உடைக்கும் பிட்டை நோக்குவோர் அரியர். அதன் முகத்தில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் தேய்ந்தால் வேகம் குன்றும். விளிம்புக் குமிழ்கள் தேய்ந்தாலோ துளையே சிறுத்துவிடும். அடுத்து இறக்கும் புதிய பிட் அங்கே சிக்கிக்கொள்ளும்.

சில நூறு அடியில் நேரும் இவ்விடர், காவிரிப் படுகையின் நரிமணம் போன்ற எண்ணெய் வயல்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே நேர்ந்தால் இழப்பு பன்மடங்காகும். அறுந்து விழுந்த கருவியைத் துழாவி எடுக்கும் வேலையை எண்ணெய்த் தொழிலில் 'மீன்பிடித்தல்' என்றே அழைக்கின்றனர். மீன் எந்நாளும் சிக்குவதில்லை!

துரப்பணக் குழாய்களை இணைக்கும் மூட்டுகள் குழாயினும் பருத்தவை. ஆதலின் உரசலை முதலில் ஏற்பவை அவையே. அவற்றைக் காக்க, கடினமான உலோகத்தைப் பட்டையாகச் சுற்றிப் பற்றவைப்பர். முன்னாளில் இதற்கு டங்ஸ்டன் கார்பைடு மணிகளைப் பெரிதும் பயன்படுத்தினர். மூட்டு பிழைத்தது, ஆனால், வெளியே துருத்திய மணிகள் அரம்போல் கிணற்றின் உறைக்குழாயை அராவின. நிலத்தடி நன்னீர் அடுக்குகளைக் கிணற்றினின்று பிரித்துக் காக்கும் சுவர் இவ்வுறைக்குழாயும் அதன் புறத்தே இட்ட சிமெண்டும் ஆகும். வயல் நடுவே துளையிடும்போது இச்சுவரின் தேய்மானம் சிறிய செய்தியன்று.

இனிச் சோதனையைக் காண்போம். ஜி-65 என்னும் அமெரிக்கத் தர நெறிப்படி, ரப்பர் விளிம்பிட்ட சக்கரம் நிமிடத்திற்கு 200 சுற்று சுழலும். சோதனைத் துண்டு 130 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 13 கிலோ எடைக்கு நிகரான விசையில், அதன்மீது அழுந்தி நிற்கும். இடையே உலர்ந்த மணல் சொரிந்துகொண்டேயிருக்கும். 6000 சுற்றுக்குப்பின் துண்டை நிறுத்து, குறைந்த எடையைக் கன மில்லிமீட்டராக மாற்றுவர். எடையே போதாதோ எனில், போதாது. டங்ஸ்டன் கார்பைடு எஃகினும் ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தி உடையது. ஒரே அளவு தேய்ந்தாலும் அதன் எடையிழப்பு கூடுதலாகத் தோன்றும்.

எனினும் இச்சோதனை பட்டையின் தேய்மானத்தை மட்டுமே கூறும். பட்டை எதிரிலுள்ள உறைக்குழாயை எவ்வளவு தின்னும் என்பதை அறிய, துரப்பணச் சேற்றில் மூட்டை உறைக்குழாய்த் துண்டின்மீது சுழற்றித் தனியே அளக்கின்றனர். இவ்விரண்டாம் அளவையே நான் முதன்மையாகக் கருதுவேன். உறைக்குழாயைக் குறைவாக உராயும் இரும்புக் கலவைப் பட்டைகள் பின்னர் வழக்கில் வந்தமைக்கு இத்தகைய ஆய்வுகளே துணைநின்றன.

2020ஆம் ஆண்டுச் சட்டம் தமிழக டெல்டாவில் புதிய எண்ணெய்த் துரப்பணத்தைத் தடை செய்தது. முன்னரே நடந்துவந்த பணிகளுக்கு அத்தடை பொருந்தாது. அக்கிணறுகளின் உறைக்குழாய்கள் வயல்களின் அடியிலேயே நிற்கின்றன.