வீடு தூரத்தில், வேலை நகரத்தில்: கணக்கில் விடுபடும் நிமிடங்கள்

சிரம்பானில் இரட்டை மாடித் தரை வீடு வாங்குவதா, செந்தூலில் சின்ன அடுக்குமாடி வீடு வாங்குவதா? கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு நடக்கிறது. சிரம்பான் என்றால் வாசலில் துளசி மாடம் வைக்கலாம், தீபாவளிக்கு உறவினர் வந்தால் கூடத்தில் பாய் விரிக்கலாம். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் யோசிக்காமல் தரை வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டு விலையோடு சேர்த்துப் போட வேண்டிய கணக்கைப் பெரும்பாலோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

பணக் கணக்கு எளிது. சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். போக வர 130. மாதம் 22 வேலை நாள் என்றால் 2,860 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு 200 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 400 வெள்ளி. டோல், டயர், சர்வீஸ் தனி. இதுவரை எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள்.

நேரத்துக்கு வரும்போதுதான் சிக்கல். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் "ஒரு மணி நேரம்தான்" என்பார்கள். அது சராசரி. ஒருவர் பத்து நாள் காலைப் பயணத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்தார் என்று கொள்வோம்: 55, 60, 58, 65, 62, 57, 95, 60, 70, 58. கூட்டினால் 640. சராசரி 64 நிமிடம். சராசரியை நம்பி வேலை தொடங்க 64 நிமிடம் இருக்கும்போது அவர் புறப்பட்டால், பத்தில் மூன்று நாள் தாமதமாகப் போய்ச் சேருவார். ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது என்றால் 95 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். எந்த நாள் அந்த 95 நிமிட நாள் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லா நாளும் சீக்கிரம் எழ வேண்டும். அவருடைய உண்மையான காலைப் பயணம் 95 நிமிடம்.

மாலையில் 64 நிமிடமே என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 58 மணி நேரம் ஆகிறது. 2023 முதல் நம் நாட்டு வேலைச் சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை நேரத்தின் உச்ச வரம்பு 45 மணி. ஒரு வார வேலையைவிட அதிக நேரம் ஒவ்வொரு மாதமும் சாலைக்குப் போகிறது.

விபத்தும் இல்லை, சாலைப் பணியும் இல்லை, பிறகு ஏன் ஒரு நாள் 55, இன்னொரு நாள் 95? ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகான சோதனை செய்து 2008இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓட விட்டார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரே கட்டளை: மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள். விளக்குக் கம்பம் இல்லை, சந்திப்பு இல்லை. கொஞ்ச நேரம் சீராக ஓடியது. பிறகு யாரோ ஒருவர் வேகத்தை இம்மி குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறைக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாகக் குறைத்தார். கடைசியில் சில கார்கள் முற்றாக நின்றே போயின. அந்த நெரிசல் கார்கள் போகும் திசைக்கு எதிராக, ஓர் அலையைப் போலப் பின்னோக்கி நகர்ந்தது.

சாலையில் கார்கள் குறைவாக இருக்கும்போது இப்படி ஒருவர் பிரேக்கைத் தொட்டால் அது கரைந்துவிடும். குறிப்பிட்ட ஓர் அடர்த்தியைத் தாண்டினால் கரையாது, வளரும். காலை ஏழு மணிக்கு சுங்கை பீசியை நோக்கிப் போகும் நெடுஞ்சாலை அந்த எல்லையில்தான் இருக்கிறது. சிறு தூறல் போதும், 60 நிமிடப் பயணம் 90 ஆகிவிடும். ரயிலில் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கொமுட்டரை ஒதுக்குகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கொமுட்டரும் தாமதமாகும் நாள் உண்டுதான். ஆனாலும் 95 நிமிடம் ஒதுக்க வேண்டிய காரைவிட அது அப்படியொன்றும் மெதுவானதல்ல. அதில் தூங்கலாம் வேறு.

தூரத்தில் வீடு வாங்குகிறவர் மலிவான, விசாலமான வீட்டைப் பெறுகிறார். அது பயணத் தொல்லையை ஈடுகட்டிவிடும் என்பது பொருளாதாரப் பாடப்புத்தகத்தின் கணக்கு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலோய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே ஆகியோர் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஈடுகட்டவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் மனநிறைவு குறைந்தே இருந்தது. இதற்குத் தரப்படும் விளக்கம் ஒன்று எனக்குச் சரியாகவே படுகிறது. பெரிய கூடத்துக்குச் சில மாதத்தில் பழகிவிடுகிறோம், பிறகு அது கண்ணில் படுவதே இல்லை. நெரிசலோ தினமும் வேறு மாதிரி வருகிறது. மாறிக்கொண்டே இருப்பதற்குப் பழகுவது கடினம்.

மலேசியாவுக்கே உரிய இன்னொரு செலவும் உண்டு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில் இருப்பதால், சூரியனின்படி நமது நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 47 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்கோடு சேர்த்து நாடு முழுவதும் 8 மணி நேர முன்னிலைக்கு வந்தோம். அதாவது நம் கடிகாரம் சூரியனைவிட 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. 5 மணிக்கு அலாரம் வைத்து எழுகிறவர் சூரியக் கணக்கில் 3 மணி 47 நிமிடத்துக்கு எழுகிறார்.

பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அதே காரில் நகரப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் நிலை வேறு. பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். சீக்கிரம் படு என்று அதட்டினாலும் உடல் கேட்காது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. பத்தரைக்குத் தூங்கி ஐந்துக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறரை மணி நேரம். முதல் பாட வேளையில் இரசாயனச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், கன்னத்தில் கை வைத்துக் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் முகங்களை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அது சோம்பல் இல்லை.

நகர வீட்டுக்கும் குறைகள் உண்டு. கான்கிரீட் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடுவதால் குளிரூட்டி அதிக நேரம் ஓடும். மோட்டார் சைக்கிள் சத்தம் நள்ளிரவிலும் கேட்கும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தால் சிரம்பான் வீடு வெகு நியாயமான தேர்வு. தினமும் எட்டு மணிக்கு வேலையிடத்தில் இருக்க வேண்டியவருக்கு, அதுவும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு, செந்தூலின் சின்ன வீடே மேல் என்று நான் சொல்வேன்.

முன்பணம் கட்டுமுன் பத்து வேலை நாள் அந்த வட்டாரத்திலிருந்து வேலையிடத்துக்குப் போய்ப் பாருங்கள். தினமும் போக முடியாவிட்டால், கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தைக் காலை ஆறே காலுக்குக் குறித்து வையுங்கள். பள்ளி விடுமுறை வாரமாக இருக்க வேண்டாம். மழை பெய்த திங்கட்கிழமை ஒன்றாவது அதில் இருக்கட்டும். பிறகு சராசரியை விட்டுவிட்டு, பத்தில் மிக நீண்ட நாளின் எண்ணை எடுத்து, வேலை தொடங்கும் நேரத்திலிருந்து கழித்து, அலாரத்தை எத்தனை மணிக்கு வைக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.