விருந்தினர் முன் ஆங்கிலம்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982-இல் அமைக்கப்பட்ட தேசிய ஓட்டல் மேலாண்மைக் குழுமம் சார்ந்த கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் ஆங்கிலமும் ஒரு பகுதி. எனினும், அத்தேர்வில் வென்ற மாணவர்கள்கூட விடுதியின் வரவேற்பு மேசையில் பேசத் தயங்குவதுண்டு.

மரியாதையை உணர்த்தும் முறை மொழிக்கு மொழி வேறுபடுவது இதற்கு ஒரு காரணம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது தமிழில் பணிவான கேள்வி; 'உங்களுக்கு' என்ற சொல்லிலேயே மரியாதை அடங்கியுள்ளது. இந்தியின் 'ஆப்' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்தின் 'யூ' நண்பருக்கும் விருந்தினருக்கும் பொது. ஆகவே, "வாட் டூ யூ வாண்ட்?" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதட்டலாக ஒலிக்கும். "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" போன்ற தொடர்களை முழுமையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும்.

செவிப்பயிற்சியும் இன்றியமையாதது. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும்; எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொன்னால் ஐயம் நீங்கும். நிலக்கடலை ஒவ்வாது என்று விருந்தினர் கூறுவதைத் தவறாகக் கேட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். புரியாதபோது பணிவுடன் மீண்டும் கேட்பது பணியாளரின் கடமை.

நாள்தோறும் 15 நிமிடம், இரு மாணவர்கள் விருந்தினராகவும் பணியாளராகவும் மாறி மாறி உரையாடலாம். அறை முன்பதிவு, உணவுப் பட்டியல், வழி சொல்லுதல், குறை கேட்டல் என நாளுக்கொரு சூழல் போதும். கல்விக்கடன் பெற்றுப் பயிலும் மாணவருக்கு இது செலவில்லாத முதலீடு.