கணிப்பொறிக்கு ஒரு பளிங்குப் பெட்டி

கணிப்பொறி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது வர்ணம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டியே. அதனுள் சுழலும் விசிறியும் மின்பலகையும் வெளியே தெரியும்படி, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகையால் தாமே ஒரு பெட்டி செய்துகொள்ள இளைஞர் பலர் ஆவல் கொள்கின்றனர். வேலையின் பொருட்டு வெளி மாநிலம் வந்து, வாடகை அறையில் வசிக்கும் ஒருவர் ஓய்வு நாட்களில் செய்யத் தக்க நல்ல கைவேலைதான் இது. ஆயினும், இரும்பை நீக்கும்போது அதனுடன் எவற்றை இழக்கிறோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அக்ரிலிக் 1930-களில் விற்பனைக்கு வந்த ஒரு வகைப் பிளாஸ்டிக். எடையில் கண்ணாடியில் ஏறக்குறையப் பாதி. தன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உட்செல்ல விடுவது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கவிந்திருந்த கூண்டுகள் பல இதனால் ஆனவையே.

இரும்புப் பெட்டியோ நாம் அறியாமலே மூன்று காவல்களைப் புரிகிறது. உள்ளே மின்கசிவு நேர்ந்தால் எர்த் கம்பி வழியே அதனை நிலத்துக்குச் செலுத்துகிறது. கணிப்பொறியில் எழும் மின்காந்த அலைகளை வெளியே பரவவிடாமல் தடுக்கிறது. தீப்பொறி தோன்றினாலும் தான் பற்றி எரிவதில்லை. அக்ரிலிக் மின்சாரத்தைக் கடத்தாது, வானொலி அலைகளைத் தடுக்காது, தீயும் பற்றும். ஆகவே அக்காவல்களை நாமே ஏற்றல் அவசியம்.

பழக்கமில்லாதவர்கள் 17 சென்டிமீட்டர் சதுரமுள்ள மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டைக் கொண்டு தொடங்குவது நலம். அதைத் தாங்க நான்கு பித்தளைத் தாங்கிகள் போதும். அடிப்பலகை 5 மில்லிமீட்டர் கனமும், பக்கப் பலகைகள் 3 மில்லிமீட்டர் கனமும் இருக்கலாம். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். துளையிடும்போது பலகையின் காகித உறையை அகற்ற வேண்டாம். அடியில் மரத்துண்டு வைத்து, மெதுவாகத் துளையிடுக. வேகம் மிகுந்தால் அக்ரிலிக் உருகும். அழுத்தம் மிகுந்தால் விரிசல் காணும். வெப்பத்தில் அக்ரிலிக் இரும்பைவிடப் பன்மடங்கு விரிவதால், துளை திருகாணியைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும்.

கடைக்காரர் குளோரோஃபார்ம் விட்டுப் பலகைகளை ஒட்டுவதைக் காணலாம். அதன் ஆவி தீங்கு தருவது. மூடிய அறைக்கு ஏற்றதன்று. இரும்புக் கோணத் துண்டும் திருகாணியும் கொண்டு பிணைத்தால், பின்னர் கழற்றிப் பழுது பார்க்கவும் முடியும்.

சூடான காற்று மேலெழும். எனவே முன்புறத்தில் தாழ்வாக ஒரு விசிறி காற்றை உள்ளிழுக்கவும், பின்புறத்தில் உயரமாக மற்றொன்று வெளியேற்றவும் அமையுங்கள். ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேடில் அக்ரிலிக் இளகத் தொடங்கும். சூடேறும் பாகங்கள் எவையும் அதனைத் தொடலாகாது.

இனி, உயிர் காக்கும் செய்தி ஒன்று. அழகு கருதி, பவர் சப்ளையின் இரும்பு உறையை ஒருபோதும் கழற்றாதீர்கள். அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். அந்த உறைக்கு எர்த் கிடைப்பது மூன்று முள் பிளக்கின் வழியாகவே. பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படாமல் இருப்பதுண்டு. தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு சோதித்தறிவது அவசியம். பெட்டியில் தனித்து நிற்கும் உலோகத் துண்டுகளையும் ஒரு கம்பியால் அவ்வுறையுடன் இணைத்துவிடுங்கள்.

தில்லி போன்ற இடங்களின் வறண்ட குளிர்காலத்தில், உலர்ந்த துணியால் அக்ரிலிக்கைத் துடைத்தால் நிலைமின்சாரம் சேர்ந்து நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும். மின் இணைப்பை நீக்கி, ஈரம் பிழிந்த மென்துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் பட்டால் நுண்விரிசல் விழும்.

இப்பெட்டியின் அருகே வானொலியை வைத்தால் கரகரப்புக் கேட்கலாம். இரும்பு தடுத்து வந்தது இதைத்தான். வானொலியைச் சற்று விலக்கி வைத்துவிட்டு, உங்கள் கைவேலையைக் கண்டு மகிழுங்கள்!