விடுமுறை வகுப்பும் வாவிக்கரையும்

ஆடி மாதம் பிறந்தால் மட்டக்களப்பு நாட்டிலே கச்சான் காற்று வீசும். மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தத்தில் ஆடி அமாவாசையன்று மக்கள் திரள்திரளாக நீராடுவர். வயல்களிலே சிறுபோக நெல் கதிர் முற்றும். இக்காலத்தை ஒட்டியே வழக்கமாகப் பாடசாலைகளின் ஆகஸ்ட் விடுமுறையும் வருகின்றது. மேலைநாட்டார் கோடை விடுமுறை என்று கூறுவதற்கு நம் நாட்டில் நிகரானது இதுவே. இவ்விடுமுறையில் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை பயிலும் சிறார்க்கு நடத்தப்படும் வகுப்புகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த நான்கு ஆண்டுகளைத் தனியே பிரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசிற் பரீட்சை வருகின்றது; வீடு முழுவதும் பிள்ளையோடு சேர்ந்து விழித்திருக்கின்றது. பதினோராந் தரத்திலே கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சை வருகின்றது. மீண்டும் வீடு விழித்துக்கொள்கின்றது. இடைப்பட்ட காலத்திலோ கேட்பார் குறைவு. பின்னக் கணக்கு விளங்காத பிள்ளை, விளங்காமலே அடுத்த தரத்திற்கு ஏறிவிடுகின்றது. அக்குறை வெளிப்படும் வேளையில் பெரும் பரீட்சை அருகில் வந்து நிற்கும். பாடசாலையை விட்டு நழுவும் பிள்ளை ஒரே நாளில் நழுவுவதில்லை. முதலில் மனம் நழுவுகின்றது, கால்கள் பின்னரே நழுவுகின்றன.

விடுமுறை வந்ததும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் வகுப்புக்குச் செல்கின்றனர். அங்கே பெரும்பாலும் நடப்பது அடுத்த தவணைப் பாடத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தல். தவணை தொடங்கியதும் அதே பாடத்தை ஆசிரியர் மீண்டும் சொல்லும்போது, அப்பிள்ளைக்குப் பள்ளியிலே புதுமை எதுவும் எஞ்சியிருப்பதில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளோ வயலில் உதவுவர், வலை இழுக்க உதவுவர். பெண்பிள்ளையாயின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வாள். ஒரு சாராருக்கு விடுமுறையும் பள்ளியாகின்றது. மறுசாராருக்குப் பள்ளியே தொலைவாகின்றது.

இதைப் பற்றி அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அங்கே கோடை விடுமுறை இரண்டு திங்களுக்கு மேல் நீள்வது. அந்நாட்டு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், விடுமுறைக்குப்பின் பிள்ளைகளின் தேர்ச்சி சராசரியாக ஒரு திங்கட் படிப்பளவு குறைவதாகவும், வாசிப்பை விடக் கணிதத்திலே இழப்பு மிகுதி எனவும் 1996இல் எழுதினர். அண்மைக்கால ஆய்வாளர் சிலர், அளவிடும் பரீட்சையின் வகையைப் பொறுத்து அந்த இழப்பின் அளவு மாறுகின்றது என்று திருத்தம் கூறியுள்ளனர். இதைவிட நமக்குப் பயன்படுவது வேறொரு முடிபு. அங்கே ஐந்து நகரங்களிலே 2013, 2014ஆம் ஆண்டுகளில் இலவசமாக நடந்த கோடை வகுப்புகளை ராண்ட் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். இருபது நாளோ அதற்கு மேலோ தவறாது வந்த பிள்ளைகளிடத்திலே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. வகுப்பைத் திறந்து வைப்பது போதாது. பிள்ளை நாள்தோறும் வரவேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

பிள்ளை நாள்தோறும் வருவதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று, வர விருப்பம், மற்றது, வர வழி.

முதலில் விருப்பத்தைப் பார்ப்போம். கரும்பலகையில் நடந்த பாடத்தையே விடுமுறையிலும் நடத்தினால் விருப்பம் எங்ஙனம் பிறக்கும்? ஆனால் நம் வாசலிலேயே ஒரு பெரும் பாடப்புத்தகம் விரிந்து கிடக்கின்றது. வடக்கே ஏறாவூர்ப் பக்கந் தொட்டுத் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியே அது. முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் அது கடலைத் தொடுகின்றது. மாரி மழையில் வெள்ளம் பெருகும்போது வாய் திறக்கும். வெயிற்காலத்தில் மணல் சேர்ந்து வாய் அடைபடும். ஆதலால் வாவிநீரின் உப்பு, இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் வேறுபடுகின்றது.

இந்த ஒரு செய்தியை வைத்தே ஒரு வாரம் கற்பிக்கலாம். முகத்துவாரத்தில் ஒரு போத்தல் நீரும், கல்லடியில் ஒரு போத்தலும், உள்வாவியில் ஒரு போத்தலும், வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தலும் எடுத்துவரச் செய்க. ஒரு குழல் துண்டின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டி, நீரில் நிமிர்ந்து மிதக்குமாறு செய்க. உப்பு மிகுந்த நீரில் அது உயர்ந்து மிதக்கும்; கிணற்று நீரில் ஆழ அமிழும். ஒவ்வொரு நீரிலும் அமிழ்ந்த அளவை அடிமட்டத்தால் அளந்து, மும்முறை அளந்ததன் சராசரியைக் கண்டு, வரைபடம் கீறுவது கணிதம். பாரம் ஏற்றிய தோணி கடலிலும் நன்னீரிலும் ஒரே அளவு ஆழத்தில் மிதக்குமா என்று கேட்பது விஞ்ஞானம். அத்தாங்கு கொண்டு இறால் பிடிக்கும் முதியவரிடம் சென்று, எந்த மாதத்தில் எந்தக் கரையில் இறால் படும், ஏன் படும் என்று கேட்டு எழுதி வருவது மொழிப்பாடம். கடலிலே பிறக்கும் இறாற்குஞ்சு வாவிக்குள் வந்து, கண்டற் காடுகளின் நிழலில் வளர்ந்து, மீண்டும் கடலேகும் வரலாற்றை அறிந்த பிள்ளை, கண்டலை வெட்டக்கூடாது என்பதைப் பிறர் சொல்லாமலே அறியும்.

அறிவியலும் தமிழும் வெவ்வேறு அறைகளில் இருக்கவேண்டியவை அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞான ஆசிரியராகவும் தமிழ்ப் பண்டிதராகவும் விளங்கியவர். பழந்தமிழர் யாழை ஆராய்ந்து அவர் எழுதி 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே, இலக்கியமும் கணக்கும் ஒருங்கே நடக்கின்றன. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்து இரவுகளிலே கேட்கும் இசையொலியை, பாடும் மீன் என்று ஊரார் கூறும் அதனை, அவர் வெறுங்கதை என்று தள்ளாது காது கொடுத்துக் கேட்டவர். பிள்ளைகளும் அவ்வாறு கேட்கப் பழகுதல் வேண்டும்.

இனி, வரும் வழியைப் பார்ப்போம். வாவி நம்மை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கின்றது. மண்முனைத் துறையிலே 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மக்கள் பாதையேறியே அக்கரைக்குச் சென்றனர். இப்பொழுது பாலம் உண்டு. ஆயினும் பாலம் தானாகப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்காது. பஸ் கட்டணம் வேண்டும், காலை உணவு வேண்டும். ஆகவே எல்லா வகுப்பையும் நகரிலே வைத்துவிட்டுப் படுவான்கரைப் பிள்ளை வரவில்லையே என்று குறைகூறுதல் நேர்மையன்று. ஆசிரியர் இருவர் அக்கரைக்குச் செல்வது, நாற்பது பிள்ளைகள் இக்கரைக்கு வருவதிலும் எளிது.

மற்றொன்றும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை பெரும்பாலும் நோன்பு மாதத்தை ஒட்டி அமையும். அம்மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். ஆதலின் காத்தான்குடிப் பிள்ளைக்கும் ஆரையம்பதிப் பிள்ளைக்கும், ஊர்கள் அடுத்தடுத்து இருந்தும், விடுமுறை ஒருங்கே வாய்ப்பது அரிது. இருவரும் கூடிக் கற்க வேண்டின், தவணைக் காலத்துச் சனிக்கிழமைகளையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இது நடவாத காரியமன்று. போர் நிலவிய காலத்தில், 1996ஆம் ஆண்டிலே, அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து, கதையும் பாட்டும் ஓவியமும் மண்வேலையும் தோட்டமுமாகப் பழகவிட்டனர். ஒரு நாட் கொண்டாட்டமாக அன்றி, பல மாதங்கள் தொடர்ந்து அவர்கள் வந்து போகுமாறு செய்தனர். விருப்பத்தையும் வழியையும் ஒருசேர அமைத்தமையே அதன் சிறப்பு.

இனிச் செய்யக்கூடியதைச் சுருக்கமாகக் கூறுவோம். கச்சான் காற்று வலுக்குமுன், காலை ஏழரை மணி தொடங்கிப் பத்தரை வரை வகுப்பு நடத்துக. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருத்தல் வேண்டும். வாவியில் முதலைகள் உண்டு. ஆதலால் நீர் எடுப்பவர் பெரியவராகவே இருத்தல் வேண்டும், பிள்ளைகள் கரையில் நிற்க. நாளொன்றுக்கு அரைமணி நேரம், பின்தங்கிய பிள்ளைக்குப் பின்னத்தையும் வாசிப்பையும் தனியே கற்பிக்க. தம்பி தங்கையரை விட்டுவர இயலாத பெண்பிள்ளை, அவர்களையும் அழைத்துவர இடங்கொடுக்க. அறுவடை நாளில் வராத பிள்ளையைக் கடியாது மறுநாள் வரவேற்க. ஆகஸ்ட் விடுமுறையிலே பதினைந்து காலைகளுக்கு மேல் கிடைப்பது அரிது. அதனாலே புள்ளிகள் உயரும் என்று பெற்றோருக்கு வாக்களித்தல் வேண்டாம். மீதி நாட்களைச் சனிக்கிழமைகள் ஈடுசெய்யும்.

வகுப்பின் வெற்றியை அறிய ஒரு பரீட்சையும் தேவையில்லை. முதல்நாள் இடாப்பையும் கடைசி நாள் இடாப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாக. முதல்நாள் வந்த பெயர்கள் கடைசி நாளிலும் இருப்பின், சிறப்பாகப் படுவான்கரைப் பிள்ளைகளின் பெயர்கள் இருப்பின், அவ்வகுப்பு தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.