800 வயதுப் பல்கலைக்கழகம்... காலியாக நிற்கும் 2 பீடங்கள்!

'பதுவை' என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு அந்தோணியார்தான் நினைவுக்கு வருவார். ஆம், அதே பதுவைதான் இத்தாலியில் இருக்கும் பதுவா நகரம். வெனிஸிலிருந்து ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரம். அந்தோணியாரின் கல்லறை இருக்கும் பேராலயத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ரயிலேறிவிடாதீர்கள். நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு பெரிய அதிசயம் இருக்கிறது. 1222-ல் தொடங்கிய பதுவா பல்கலைக்கழகம்!

கூடுதல் சுதந்திரம் வேண்டும் என்று பொலோனியா பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பி வந்த ஆசிரியர்களும் மாணவர்களும்தான் இதற்கு விதை போட்டவர்கள். அதன் பழைய கட்டடத்தின் பெயர் 'பலாஸோ போ'. யாரையும் போகச் சொல்லவில்லை! அந்த ஊர் பேச்சில் 'போ' என்றால் மாடு. முன்பு அங்கே மாட்டுப் படம் போட்ட சத்திரம் ஒன்று இருந்ததால் வந்த பெயர்.

இன்றைக்கும் இயங்கும் பல்கலைக்கழகம் என்பதால் நம் இஷ்டத்துக்கு எல்லா அறைகளிலும் நுழைய முடியாது. கைடுடன்தான் டூர். டிக்கெட்டை முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. அதிர்ஷ்டம் இருந்தால், அன்றுதான் பட்டம் வாங்கிய மாணவர் தலையில் இலைக் கிரீடத்தோடு எதிரே வருவார். அவரைக் கிண்டலடித்து நண்பர்கள் எழுதிய போஸ்டரை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். தப்பாக வாசித்தால் ஒரு வாய் ஒயின்!

உள்ளே முதலில் அசத்துவது உடற்கூறியல் அரங்கம். 1595-ல் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் கட்டவைத்தது. கீழே நடுவில் சடலம். அதைச் சுற்றி, புனல் போல மேலே விரியும் 6 மர அடுக்குகள். மாணவர்கள் நெருக்கியடித்து நின்றபடியே பாடம் கேட்டிருக்கிறார்கள். சடலம் கிடந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் வயிற்றைப் பிசையும். உடலில் ரத்தம் சுற்றி வருகிறது என்பதை நிரூபித்த வில்லியம் ஹார்வி, 1602-ல் பட்டம் வாங்கியது இங்கேதான்.

அடுத்து, கலிலியோ நின்று பாடம் நடத்தியதாகச் சொல்லப்படும் மேடை. அவசரத்துக்கு ஆசாரி அடித்துக்கொடுத்தது போல வெறும் பலகைகள்! 1592 முதல் 1610 வரை, 18 வருடங்கள் அவர் இங்கே பேராசிரியர். வியாழனின் நிலவுகளைக் கண்டுபிடித்ததும் இந்த ஊரில் இருந்தபோதுதான்.

இங்கே வரும் பலரும் கலிலியோவின் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் சிலையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எலெனா கார்னாரோ பிஸ்கோபியா. 1646-ல் வெனிஸில் பிறந்தவர். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, அரபு எனப் பல மொழிகள் அறிந்தவர். அவர் கேட்டது இறையியலில் முனைவர் பட்டம். 'பெண்ணுக்கு இறையியல் பட்டமா?' என்று மறுத்துவிட்டார் பதுவா பிஷப் பார்பரிகோ. கடைசியில் தத்துவத்தில் தேர்வு எழுத சமரசம் ஆனது.

'எழுத' என்று சொன்னது தவறு, எல்லாம் வாய்மொழித் தேர்வுதான். 1678 ஜூன் 25. கூட்டம் தாங்காமல் தேர்வையே பல்கலைக்கழகத்திலிருந்து பேராலயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து கேட்டதற்கெல்லாம் லத்தீனில் விளக்கம் சொன்னார் எலெனா. விரலில் மோதிரம், தோளில் அங்கி, தலையில் இலைக் கிரீடம். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற உலகின் முதல் பெண் என்று கொண்டாடப்படுகிறார். அப்போது வயது 32.

சந்தோஷம் அதோடு சரி. அடுத்து இன்னொரு பெண்ணுக்கு அந்தக் கதவைத் திறக்க பதுவா தயாராக இல்லை. 54 வருடங்கள் கழித்து, 1732-ல் லாரா பாஸி பட்டம் வாங்கியதும் பொலோனியாவில்தான். சுதந்திரம் தேடி வந்தவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகம் ஆயிற்றே என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

அந்தக் கேள்வியோடு 'பிராத்தோ தெல்லா வாலே' சதுக்கத்துக்கு நடங்கள். நீள்வட்டக் கால்வாயைச் சுற்றி 78 சிலைகள். பேராசிரியர்கள், மாணவர்கள், அரசியல் பெரும்புள்ளிகள்... கலிலியோவும் உண்டு. 78-ம் ஆண்கள்! ஒரு சிற்பியின் காலடியில் மட்டும் பெண் கவிஞர் ஒருவரின் மார்பளவுச் சிலை, சின்னதாக.

நெப்போலியன் காலத்தில் சிலைகள் உடைக்கப்பட்டதால் 2 பீடங்கள் மட்டும் காலியாகவே நிற்கின்றன. அதில் ஒன்றில் எலெனாவை வைக்கலாமே என்று 2021-ல் நகர கவுன்சிலர்கள் யோசனை சொன்னதும் சர்ச்சை வெடித்தது. பழைமையான சதுக்கத்தில் கை வைக்கக் கூடாது என்றது எதிர்த் தரப்பு. இருக்கிற சிலையை எடுக்கச் சொன்னால் அந்த வாதம் சரி. காலியான பீடத்துக்குமா?

சதுக்கத்தை ஒட்டியே சாந்தா ஜுஸ்தினா பேராலயம். 38 வயதில் இறந்த எலெனாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், எதிரே அந்த 78 பேரும் நின்றுகொண்டிருப்பார்கள்.