கூறெடுப்பும் ஒருசார்புப் பிழையும்

கூறெடுப்பு என்பது ஒரு பெரிய தொகுதியின் இயல்பை அறிய, அதன் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ஆராயும் புள்ளியியல் முறையாகும். சமூக அறிவியல் ஆய்வுகளில் அனைவரையும் வினவுவது பெரும்பாலும் இயலாது என்பதால் இம்முறை பயன்படுகிறது.

அடிப்படைச் சொற்கள்

ஆய்வுக்குரிய உறுப்பினர் அனைவரும் சேர்ந்தது முழுமைத் தொகுதி. அதிலிருந்து எடுக்கப்படும் பகுதி கூறு அல்லது மாதிரி. முழுமைத் தொகுதியின் சராசரி, விகிதம் போன்றவை தொகுதிப் பண்பளவைகள் எனப்படும். கூறிலிருந்து கணக்கிடப்படுபவை கூறு பண்பளவைகள். பின்னதைக் கொண்டு முன்னதை மதிப்பிடுவதே கூறெடுப்பின் நோக்கம்.

இருவகைப் பிழைகள்

கூறு என்பது ஒரு பகுதியே ஆதலால் மதிப்பீட்டில் சிறிது வேறுபாடு இருந்தே தீரும். இது கூறெடுப்புப் பிழை. கூறின் அளவு கூடினால் இது குறையும். ஒரு விகிதத்தை மதிப்பிடும்போது, 95 விழுக்காடு நம்பிக்கை அளவில், எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்த 100 பேரிடம் பிழை வரம்பு அதிகபட்சம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள். 400 பேரிடம் அது 5 ஆகவும், 1,600 பேரிடம் 2.5 ஆகவும் குறைகிறது. அதாவது, பிழையைப் பாதியாக்கக் கூறை நான்கு மடங்காக்க வேண்டும்.

தேர்வு முறையிலேயே ஒரு சாராருக்கு இடம் கூடுதலாகவும் மற்றவர்க்குக் குறைவாகவும் கிடைத்தால் ஏற்படுவது ஒருசார்புப் பிழை. கூறைப் பெரிதாக்குவதால் மட்டும் இது நீங்காது.

1936 தேர்தல் கணிப்பு

இவ்வேறுபாட்டை விளக்கப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 1936 இல் நடத்திய குடியரசுத் தலைவர் தேர்தல் கணிப்பு. முந்தைய தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகக் கணித்திருந்த அவ்விதழ், அவ்வாண்டு சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பின. முதன்மை வேட்பாளர் இருவரில் லாண்டன் 57 விழுக்காடும் ரூஸ்வெல்ட் 43 விழுக்காடும் பெறுவர் என இதழ் கணித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். இருவரும் பெற்ற வாக்குகளில் ஏறத்தாழ 62 விழுக்காடு அவருடையது.

24 லட்சம் பேர் கொண்ட சமவாய்ப்புக் கூறில் பிழை வரம்பு 0.1 விழுக்காட்டுப் புள்ளியைக்கூட எட்டாது. இங்கு நேர்ந்த பிழையோ ஏறத்தாழ 19 புள்ளிகள்.

காரணங்கள் இரண்டு. முதலாவது, முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வாகன உரிமையாளர் பட்டியல்களிலிருந்து பெறப்பட்டன. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இவ்வசதிகள் இல்லாத ஏழை வாக்காளர் பலர் விடுபட்டனர். இரண்டாவது, சீட்டைப் பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே விடையளித்தார். விடையளிக்காதவர்களிடையே ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது. இது விடையளிக்காமை ஒருசார்பு எனப்படுகிறது.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் மிகச் சிறிய கூறைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் எனச் சரியாகக் கணித்தார். ஆனால், 1948 இல் ட்ரூமன் வென்ற தேர்தலில் டியூவி வெல்வார் என்று கணித்து அவரும் தவறினார். வயது, பாலினம் போன்றவற்றுக்கு ஒதுக்கீடு வகுத்து, அதற்குள் ஆட்களைத் தெரிவு செய்வதைக் களப்பணியாளரிடமே விட்ட ஒதுக்கீட்டு முறையும், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே கணிப்பை நிறுத்தியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

சமவாய்ப்பு என்பதன் பொருள்

எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பில், தொகுதியின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும். பேருந்து நிலையத்தில் எதிர்ப்படுவோரை வினவுவது சமவாய்ப்பு ஆகாது. அந்நேரத்தில் அங்கு வராதோர்க்கு அதில் வாய்ப்பே இல்லை. ஒரு கல்லூரி மாணவர்களின் இணையப் பயன்பாட்டை அறிய இணையப் படிவத்தை மட்டும் அனுப்பினால், இணையம் குறைவாகப் பயன்படுத்துவோரே விடுபடுவர். பெயர்ப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் அல்லது சமவாய்ப்பு எண்கள் வழியே 200 பேரைத் தேர்ந்து, விடையளிக்காதோரை மீண்டும் அணுகுவது, தாமாக முன்வந்து விடையளிக்கும் 2,000 பேரைவிட நம்பத்தக்கது.

ஆகவே, ஓர் ஆய்வின் முடிவைப் படிப்போர் 'எத்தனை பேர்?' என்பதோடு, 'எந்தப் பட்டியலிலிருந்து, எவ்வாறு தேர்ந்தனர்? எத்தனை பேர் விடையளிக்கவில்லை?' என்பவற்றையும் பார்க்க வேண்டும்.